மேசைக்கும் சர்வர் அறைக்கும் நடுவே

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கணக்குப் பிரிவு அக்காவிடமிருந்து அழைப்பு. "தம்பி, பேங்க் சைட்டு தொறக்க மாட்டேங்குது. நெட்டு போயிருச்சாட்ட இருக்கு, வந்து பாருங்க." போய்ப் பார்த்தால் பக்கத்து மேசையில் நெட் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஒரு கணினியில் மட்டும் வங்கித் தளம் பாதுகாப்பற்றது என்று எச்சரிக்கை வந்தது. சர்வரில் இருக்கும் பொது ஃபோல்டர் உள்ளே விடவில்லை. மெயிலும் இறங்கவில்லை. மூன்றும் மூன்று தனிக் கோளாறுகள் போலத்தான் தெரிந்தன. திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன்: 2015 ஜனவரி 1. ஞாயிறு முழுவதும் மெயின் சுவிட்சை அணைத்து வைத்திருக்கிறார்கள். மதர்போர்டில் செருகியிருக்கும் சிஆர்2032 என்ற, நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துபோயிருந்ததால் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விட்டது. வங்கித் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் அந்தத் தேதிக்குப் பல ஆண்டுகள் கழித்து வழங்கப்பட்டது. அதனால் பிரவுசர் அதை நம்பவில்லை. பேட்டரியை மாற்றி, நேரத்தைச் சரிசெய்ய பத்து நிமிடம் ஆனது.

கடிகாரம் தவறியதற்குச் சர்வர் ஏன் கதவடைத்தது என்று அந்த அக்கா கேட்டார்கள். நல்ல கேள்வி. விண்டோஸ் டொமைனில் கணினியும் சர்வரும் ஒன்றையொன்று அடையாளம் காண்பது கெர்பெராஸ் என்ற முறையில். அமெரிக்காவின் எம்ஐடியில் உருவான அது, விண்டோஸ் 2000 வழியாக அலுவலகங்களுக்குள் வந்தது. உள்ளே நுழையத் தரப்படும் ஒவ்வொரு சீட்டிலும் நேரம் குறிக்கப்பட்டிருக்கும். பழைய சீட்டைத் திருடி வைத்திருந்து மறுபடி நீட்டுபவரைத் தடுக்க, இரண்டு கடிகாரங்களுக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏற்காதபடி அமைத்திருக்கிறார்கள். 2022 ஏப்ரல் 28 அன்று இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த உத்தரவிலும் கடிகாரத்துக்கு ஒரு பத்தி உண்டு. தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் சர்வரோடு, எல்லாக் கணினிகளின் நேரமும் ஒத்துப்போக வேண்டும் என்கிறது அது. நுழைவுப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும், பாதுகாப்பு மீறலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் அதே உத்தரவுதான் சொல்கிறது. நேரம் தவறிய கணினியின் பதிவை வைத்துக்கொண்டு யார் எப்போது நுழைந்தார் என்று நிறுவ முடியாது என்பதால் இந்த மூன்றும் ஒன்றாக வருகின்றன.

மேசையில் தெரியும் கோளாறு ஓர் இடத்தில், அதன் காரணம் இன்னோர் இடத்தில் என்ற இந்த நிலை, கணினிகளை ஒன்றோடொன்று கட்டிய நாளிலிருந்து தொடங்கியது. கட்டியதோடு நிற்கவில்லை. சென்ற நாற்பது ஆண்டுகளில் மேசைக் கணினியின் கட்டுப்பாடு மேசையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்வர் அறைக்கும், அங்கிருந்து ஊர் தாண்டி எங்கோ இருக்கும் மேகத்துக்கும் போயிருக்கிறது. ஒவ்வொரு நகர்வும் எங்கள் தினசரி ஓட்டத்தைக் குறைத்தது. ஒவ்வொரு நகர்விலும் ஒரே தவறு எத்தனை மேசைகளை ஒன்றாக விழவைக்கும் என்ற கணக்கும் கூடியது. இருபது ஆண்டுகளாகத் திருப்பூர், கோவைப் பக்கத்து அலுவலகங்களில் இதே வேலையைச் செய்துவருகிறவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மையக் கட்டுப்பாடு இல்லாமல் முப்பது கணினிகளைக்கூட ஒழுங்காகப் பராமரிக்க முடியாது. ஆனால் மையம் விழும் நாளில் மேசைக்கு நேரே போய் அதை எழுப்ப ஒரு வழி திறந்திருக்க வேண்டும். இப்போது அந்த வழிதான் ஓசையில்லாமல் அடைபட்டுக்கொண்டிருக்கிறது.

ஒரே கேபிளில் எல்லோரும்

ஈதர்நெட் 1973ல் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் எழுதிய ஒரு குறிப்பிலிருந்து பிறந்தது. பத்து ஆண்டு கழித்து, 1983ல் அது பொதுத் தரமானது. தொண்ணூறுகளில் நம் அலுவலகங்களுக்கு வந்த வடிவம், கேபிள் டிவி ஒயர் போன்ற மெல்லிய கோஆக்சியல் கேபிள். ஒரு துண்டு 185 மீட்டர் வரை போகலாம். ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்கு என்று மாலை தொடுத்ததுபோல் ஓடும். ஒவ்வொரு கணினிக்குப் பின்னாலும் டி வடிவ இணைப்பு, இரண்டு முனைகளிலும் 50 ஓம் டெர்மினேட்டர். மேசையை நகர்த்தும்போது யாராவது ஒருவர் அந்த டி இணைப்பைக் கழற்றினால் போதும், அத்தனை பேருக்கும் நெட்வொர்க் நின்றுவிடும். எங்கே கழன்றது என்று எந்தத் திரையும் சொல்லாது.

அப்போது மூத்தவர்கள் சட்டைப் பையில் ஒரு டெர்மினேட்டரை வைத்திருப்பார்கள். கேபிளின் நடுவில் இருக்கும் கணினிக்குப் போய், அங்கே வரிசையை வெட்டி டெர்மினேட்டரைப் போடுவார்கள். சர்வர் இருக்கும் பாதி உயிர் பெற்றால் கோளாறு மறு பாதியில். பிறகு அந்தப் பாதியின் நடு. நாற்பது கணினிகள் இருந்தாலும் ஐந்தாறு வெட்டில் இடம் பிடிபடும். கோளாறு தேடுவதற்கு இதைவிடச் சுத்தமான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. இன்றைக்கும் எந்தப் பிரச்சினையானாலும் கணினியில் இருக்கிறதா, கேபிளிலா, சுவிட்சிலா, சர்வரிலா என்று பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போவதுதான் வேலை. கருவிகளின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

1990ல் முறுக்கிய இணைக் கம்பி கேபிளுக்கான தரம் வந்து, ஒவ்வொரு மேசைக்கும் தனிக் கேபிள் என்றானது. ஒருவர் கழற்றினால் அவருக்கு மட்டும்தான் போகும். பெரிய விடுதலை அது. அதற்குப் பதிலாக எல்லாக் கேபிளும் போய்ச் சேரும் பெட்டி, முதலில் ஹப், பிறகு சுவிட்ச், அலுவலகத்தின் உயிர்நாடி ஆனது. கட்டுப்பாடு மையத்துக்குப் போன முதல் நகர்வாக இதைத்தான் நான் எண்ணுகிறேன். சுவிட்ச் அறையைச் சுத்தம் செய்த ஒருவர், தரையில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கேபிளின் முனையை நல்லெண்ணத்தில் அதே சுவிட்சில் செருகிவிட்டதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது. ஒரு செய்தி உள்ளே வந்தால் அந்த வளையத்துக்குள் சுற்றிச் சுற்றிப் பெருகும். சுவிட்சின் விளக்குகள் அத்தனையும் ஒரே தாளத்தில் வெறிகொண்டதுபோல் மின்னும். கட்டடமே நின்றுவிடும். இதைத் தடுக்கும் வழியை 1985ல் ராடியா பெர்ல்மன் என்ற பொறியாளர் கண்டுபிடித்துவிட்டார். எந்தப் பாதை வளையம் போடுகிறது என்று சுவிட்சுகள் தமக்குள் பேசிக்கொண்டு அதை மூடிவிடும் முறை அது. விலை மலிவான சாதாரண சுவிட்சுகளில் இது இருக்காது. சிறிய அலுவலகங்களில் அதிகம் இருப்பவை அந்தச் சுவிட்சுகள்தான்.

கேபிளைப் பற்றி இன்னும் ஒன்று. "ஃபைல் தொறக்க நேரமாவுது" என்று வரும் புகாருக்கு உடனே கணினியைத் திட்டுவார்கள், ரேம் கூட்டச் சொல்வார்கள். முதலில் பார்க்க வேண்டியது இணைப்பின் வேகம். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு இணைகள். 1000 மெகாபிட் வேகத்துக்கு நான்கு இணைகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே எலி மற்ற இரண்டில் ஓர் இணையைக் கடித்திருந்தால் நெட் நிற்காது. பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் எதையும் தேடமாட்டார்கள், மாதக்கணக்கில் அப்படியே போகும்.

முகவரி கொடுப்பது யார்

நெட்வொர்க்கில் இருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் ஐபி முகவரி வேண்டும். ஆரம்பத்தில் நோட்டில் எழுதிவைத்து ஒவ்வொன்றுக்கும் கையால் கொடுத்தோம். இரண்டு பேருக்கு ஒரே முகவரி போய்விட்டால் இருவருக்கும் நெட் வந்து வந்து போகும். டிஎச்சிபி வந்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. கணினி எழும்போது "எனக்கு யாராவது முகவரி கொடுங்கள்" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்கும். சர்வர் பதில் சொல்லும். இன்று நாம் பயன்படுத்தும் வடிவம் 1997ல் எழுதப்பட்டது. அந்த வடிவத்தில் ஒரு நம்பிக்கை பொதிந்திருக்கிறது: முதலில் பதில் சொல்பவரைக் கணினி நம்பும். பதில் சொன்னவருக்கு அந்த உரிமை உண்டா என்று விசாரிக்காது.

திருப்பூரில் ஒரு பின்னலாடை அலுவலகம். காலை பதினொரு மணிக்குமேல் சிலருக்குச் சர்வர் கிடைக்கவில்லை, பிரிண்டர் கிடைக்கவில்லை. சிலருக்கு எந்தக் குறையும் இல்லை. இரண்டு குழுவையும் பிரித்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் பதினொரு மணிக்குப் பிறகு கணினியை அணைத்துப் போட்டவர்கள். காலையிலிருந்து அணைக்காமல் வைத்திருந்தவர்களுக்குப் பழைய முகவரியின் கெடு தீரவில்லை. ஐபிகான்ஃபிக் கட்டளை கொடுத்தால் 10ல் தொடங்க வேண்டிய முகவரி 192.168 என்று தொடங்கியது. இந்த இடத்தில் நிதானம் வேண்டும். 169.254 என்று தொடங்கியிருந்தால் யாருமே பதில் சொல்லவில்லை, கணினி தானே ஒரு முகவரியைப் போட்டுக்கொண்டது என்று பொருள்; கேபிளையோ டிஎச்சிபி சர்வரையோ பார்க்கலாம். 192.168 வந்திருக்கிறது என்றால் வேறு யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள். ஏஆர்பி கட்டளையில் அந்த 'வேறு யாரோ'வின் வன்பொருள் எண் கிடைத்தது. அந்த எண்ணின் முதல் பாதி தயாரிப்பாளரைக் காட்டிக்கொடுக்கும்: வீட்டு வைஃபை ரவுட்டர் செய்யும் நிறுவனம். சுவிட்சின் அட்டவணையில் அதே எண் 17ஆவது துளையில் இருந்தது. அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். சாம்பிள் பிரிவில், துணிக் கட்டுகளுக்குப் பின்னால், ஒரு சின்ன ரவுட்டர் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. வெளி இணைப்புக்கான துளையில் செருக வேண்டிய கேபிளை உள் இணைப்புத் துளையில் செருகியிருந்தார்கள். வீட்டில் முகவரி கொடுப்பதுபோல் இங்கேயும் எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பித்துவிட்டது.

அதை வைத்த பையன் பயந்துபோய் நின்றான். "இங்க போன்ல சிக்னலே கிடைக்காதுங்கண்ணா. பையருக்குப் போட்டோ அனுப்பணும். வைஃபை வேணும்னு ரெண்டு தடவ சொன்னேன், யாரும் கண்டுக்கல." அவன் சொன்னது உண்மை, அந்த இரண்டு கோரிக்கைகளும் அலுவலகத்தில் யார் கைக்கும் போய்ச் சேராமல் நின்றுவிட்டன. ரவுட்டரை எடுத்த அன்றே சாம்பிள் பிரிவுக்கு முறையான வைஃபை போட்டுக் கொடுத்தோம். சுவிட்சில், அனுமதி பெற்ற துளையைத் தவிர வேறு எங்கிருந்தும் டிஎச்சிபி பதில் வரக்கூடாது என்ற அமைப்பையும் போட்டோம். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் செய்து நிறுத்தியிருந்தால் அடுத்த மாதம் வேறொரு மூலையில் வேறொரு ரவுட்டர் வந்திருக்கும்.

பெயரைத் தேடித்தரும் டிஎன்எஸ் பற்றித் தனியாக எழுத இங்கே இடமில்லை. 1983ல் பால் மொக்காபெட்ரிஸ் வடிவமைத்த அது நின்றால் நெட்வொர்க் முழுவதும் நின்றதுபோலத் தோன்றும் என்பதை மட்டும் சொல்கிறேன். எண்ணைக் கொடுத்துப் பிங் செய்தால் பதில் வருகிறது, பெயரைக் கொடுத்தால் வரவில்லை என்றால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

கரண்டும் தூசியும்

டேண்டம் என்ற கணினி நிறுவனத்தில் வேலை செய்த ஜிம் கிரே, கணினிகள் ஏன் நிற்கின்றன என்று 1985ல் ஓர் ஆய்வு எழுதினார். எப்போதும் நிற்காமல் ஓடவேண்டும் என்று கட்டப்பட்ட பெரிய கணினிகளைப் பற்றியது. அவற்றின் கோளாறுகளில் 42 சதவீதம் நிர்வாகத்தால் வந்தவை: இயக்குபவரின் செயல், அமைப்பு மாற்றம், பராமரிப்பு. மென்பொருள் 25, வன்பொருள் 18, மின்சாரம் போன்ற சுற்றுச்சூழல் 14 சதவீதம். மேசைக் கணினிக்கு இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் பழுது பார்க்கப் போகிறவரின் கையே பழுதுக்குப் பெரிய காரணம் என்பதை அளந்து காட்டிய அந்த ஆய்வை இந்தத் தொழிலுக்கு வரும் ஒவ்வொருவரும் ஒருமுறை படிக்க வேண்டும்.

நம் ஊரில் அந்த நான்காவது கணக்கு கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்பது என் அனுபவம். எர்த்திங் சரியில்லாத கட்டடத்தில் கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்று இழுக்கும். அந்தக் கசிவு பிரிண்டர் கேபிள் வழியாக இரண்டு கணினிகளின் போர்டுகளைக் கெடுத்ததுண்டு. வெயில் காலத்தில் மதியம் இரண்டு மணிக்கு மேல் மட்டும் தானாக அணையும் கணினி என்றால் ஃபேனில் பஞ்சு அடைத்திருக்கும். மில் இருக்கும் ஊர்களில் இது மிகச் சாதாரணம். மாதிரி மாதிரியாக நீல எர்ரர் காட்டும் கணினியின் ரேமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் போடுவது எங்கள் ஊர் வைத்தியம். பெரும்பாலும் வேலையும் செய்யும். குணமாவதற்குக் காரணம் பல நேரங்களில் கழற்றி மறுபடி அழுத்திச் செருகுவதுதான் என்று நினைக்கிறேன். அதனால் முதலில் கழற்றி மாட்டிப் பார்ப்பேன். அதற்கும் கேட்காவிட்டால்தான் ரப்பர், அதுவும் துகள் ஸ்லாட்டுக்குள் விழாமல்.

கோஸ்ட் போட்ட காலம்

கேபிளுக்குப் பிறகு மையத்துக்குப் போனது கோப்பு. 1983ல் நாவெல் நிறுவனத்தின் நெட்வேர் வந்தது. ஒரு சர்வரில் கோப்புகளை வைத்து எல்லோரும் எடுக்கும் பழக்கம் அதனோடு பரவியது. அடுத்துப் போனது யார் உள்ளே வரலாம் என்ற அதிகாரம்: 1993ல் விண்டோஸ் என்டி, 2000ல் ஆக்டிவ் டைரக்டரி. ஒரே இடத்தில் ஒரு பெயரை உருவாக்கினால் எந்த மேசையில் உட்கார்ந்தும் உள்ளே போகலாம். குரூப் பாலிசி என்ற வசதியால் ஒரு விதியைச் சர்வரில் எழுதினால் முந்நூறு கணினிகள் அதற்குக் கட்டுப்படும். அதற்கு முன்பு ஒரு பிரிண்டரை மாற்றினால் ஒவ்வொரு மேசையாகப் போய் உட்கார்ந்து மாற்றிய நாட்களைப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இந்த வரிசையில் நியூசிலாந்தில் பிறந்த கோஸ்ட் என்ற மென்பொருளுக்கு ஒரு தனி இடம் உண்டு. 1996ல் வந்தது. ஒரு கணினியை முழுமையாகத் தயார் செய்து, அதன் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து, மற்றக் கணினிகளில் இறக்கிவிடலாம். "கோஸ்ட் போட்டுரலாம்" என்பது தமிழ்நாட்டுக் கணினிக் கடைகளில் வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. ஒரு மணி நேர வேலை பத்து நிமிடமானது. அதோடு ஒரு கெட்ட பழக்கமும் வளர்ந்தது. எந்தக் கோளாறு வந்தாலும் காரணம் தேடாமல் "ஃபார்மட் அடிச்சிரலாம்" என்பதே முதல் பதிலானது. கோளாறு மறையும். அது எதனால் வந்தது என்பதும் அதோடு அழிந்துவிடும்.

தமிழில் வேலை நடக்கும் அலுவலகங்களுக்கு ஃபார்மட் இன்னொரு இழப்பையும் கொண்டுவந்தது. ஒருங்குறி பரவும் முன்பு ஒவ்வொரு எழுத்துருவுக்கும் தனித்தனிக் குறியீடு. வானவில், பாமினி என்று ஒவ்வோர் அலுவலகத்தில் ஒன்று. வானவிலில் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த கூளம்தான் வரும். ஒரு பத்திர எழுத்தரிடம் பத்து ஆண்டு ஆவணங்கள் இருந்தன. கணினியை ஃபார்மட் செய்தவர் கோப்புகளைப் பத்திரமாக நகலெடுத்துவிட்டு, எழுத்துருவை விட்டுவிட்டார். திறந்து பார்த்தவர் எல்லாம் வைரஸில் போய்விட்டது என்று நினைத்து, சில கோப்புகளை அழித்தும்விட்டார். கோப்புகளில் ஒரு பைட்கூடக் கெட்டிருக்கவில்லை. பழைய டிஸ்க்கிலிருந்து எழுத்துருவை எடுத்துப் போட்டதும் மிஞ்சியவை எல்லாம் தமிழாகத் திரும்பின. 1999ல் தமிழ்99 விசைப்பலகையையும், 2010ல் ஒருங்குறியையும் டேஸ்16 குறியீட்டையும் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்த பிறகும் பழைய கோப்புகள் பழைய குறியீட்டிலேயே கிடக்கின்றன. தமிழ் அலுவலகத்தில் பேக்கப் எடுக்கும்போது எழுத்துரு ஃபோல்டரையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பதை எந்த அயல்நாட்டுக் கையேடும் நமக்குச் சொல்லித்தராது.

ஒரே நாளில் எல்லாம்

மையக் கட்டுப்பாட்டின் மிகப் பெரிய நன்மை, பாதுகாப்புத் திருத்தங்களை எல்லாக் கணினிக்கும் ஒன்றாக அனுப்ப முடிவது. அனுப்பாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சிகள் உண்டு. 2008 அக்டோபர் 23 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தத்தை அவசரமாக வெளியிட்டது. அடுத்த மாதமே அதே ஓட்டை வழியாக கான்ஃபிக்கர் புழு கிளம்பியது. பென் டிரைவ் வழியாகவும், எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு வழியாகவும்கூடப் பின்னர் பரவியது. 2017 மே 12 அன்று வான்னாக்ரை புழு 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. அதற்கான திருத்தம் மார்ச் 14 அன்றே வந்திருந்தது. இடையில் 59 நாட்கள். போடக் கையில் ஆள் இல்லை, ஓடுகிறதை ஏன் தொடவேண்டும், பழைய மென்பொருள் நின்றுவிடுமோ என்ற பயம் என்று அந்த 59 நாட்களுக்கு எந்த அலுவலகத்தைக் கேட்டாலும் காரணம் சொல்வார்கள். அந்தப் பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். திருத்தம் போட்ட மறுநாள் பிரிண்டர்கள் நின்ற காலைகளை நானும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அடுத்த மாதமே வந்த நாட்பெட்யா புழு வேறு பாடத்தைச் சொன்னது. 2017 ஜூன் 27. உக்ரைனில் வரிக்கணக்குத் தாக்கல் செய்யப் பயன்பட்ட ஒரு மென்பொருளின் அப்டேட் வழியாக உள்ளே வந்தது. ஒரு கணினியின் நினைவகத்தில் இருக்கும் நிர்வாகி பாஸ்வேர்டைத் திருடி, அதை வைத்து அடுத்த கணினிக்குத் தாவியது. திருத்தம் போட்டிருந்த கணினிகளும் விழுந்தன. நிர்வாகத்தை எளிதாக்க எல்லாக் கணினிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்கும் பழக்கம் இருந்த இடங்களில் ஒரு சாவி எல்லாக் கதவையும் திறந்தது. ஒவ்வொரு கணினிக்கும் தனி நிர்வாகி பாஸ்வேர்டைத் தானே மாற்றிவைக்கும் லேப்ஸ் என்ற இலவசக் கருவியை மைக்ரோசாஃப்ட் 2015லேயே கொடுத்திருந்தது. இன்றைக்கும் நம் பகுதியில் நான் போகும் பாதி அலுவலகங்களில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர் இல்லை.

அந்தத் தாக்குதலில் டென்மார்க்கின் மார்ஸ்க் கப்பல் நிறுவனம் பட்ட பாட்டை அதன் தலைவரே பின்னர் மேடையில் சொன்னார்: 4,000 சர்வர்கள், 45,000 கணினிகள், பத்தே நாளில் மறுபடி நிறுவப்பட்டன. யார் உள்ளே வரலாம் என்ற பட்டியலை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் உலகெங்கும் ஏறத்தாழ 150 இருந்தன. ஒன்று கெட்டால் மற்றொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் எண்ணியிருக்கவில்லை. தேடித் தேடி, கானா நாட்டில் ஒன்று தப்பியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். தாக்குதல் நேரத்தில் அங்கே மின்வெட்டு. அதனால் அது நெட்வொர்க்கோடு தொடர்பில் இல்லை. இணைய வேகம் போதாததால் அந்த டிஸ்க்கை ஒருவர் கானாவிலிருந்து நைஜீரியாவுக்குக் கொண்டுபோய் இன்னொருவர் கையில் கொடுக்க, அவர் விமானம் ஏறி இங்கிலாந்து கொண்டுசேர்த்தார். நெட்வொர்க்கைத் தொடாத ஒரு நகல் எப்போதும் இருக்க வேண்டும் என்று நான் அலுவலக முதலாளிகளிடம் கேட்கும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்வேன். மின்வெட்டை அறிந்த நம்மவர்களுக்கு அது உடனே புரிகிறது.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9:39. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருள் இருக்கும் விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அதில் பிழை இருந்தது. கணினிகள் நீலத் திரையில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தன. 78 நிமிடத்தில் பிழையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இந்தியாவில் சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இந்த நிகழ்வில் என் கவனம் பிழையின் மீது இல்லை; எந்த மென்பொருளிலும் பிழை வரும். சரிசெய்தது எப்படி என்பதில்தான். எழவே முடியாத கணினிக்கு மையத்திலிருந்து எதையும் அனுப்ப முடியாது. ஆகவே ஒவ்வொரு கணினிக்கும் ஒருவர் நேரில் போய், சேஃப் மோடில் எழுப்பி, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டு முன்னேற்றம் அந்த ஒரு நாளில் பழையபடி மேசைக்கு வந்து நின்றது. பிட்லாக்கர் போட்டுப் பூட்டிய டிஸ்க்குகளுக்கு 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். சில நிறுவனங்களில் அந்தச் சாவிகளை வைத்திருந்த சர்வரும் அதே நீலத் திரையில் விழுந்திருந்தது. எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டுமோ அந்தப் பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

இதற்காக மைய நிர்வாகத்தைக் கைவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மேசைக் கணினியே வேண்டாம், திரையும் விசைப்பலகையும் மட்டும் வைத்து எல்லாவற்றையும் சர்வரில் ஓட்டலாம் என்பவர்களும் உண்டு. லினக்ஸுக்குப் போனால் பாதித் தொல்லை தீரும் என்பவர்கள் மூன்றாவது கட்சி. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் 2007 வாக்கில் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அதே ஆண்டு சென்னை சி-டாக்கிலிருந்து பாஸ் லினக்ஸ் வந்தது. வைரஸ் தொல்லையும் உரிமச் செலவும் குறையும் என்பது உண்மைதான். அந்த வழி பரவாமல் நின்றதற்குக் கணக்கு மென்பொருள், ஸ்கேனர் டிரைவர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்று மூன்று காரணம் சொல்வேன். 2025 அக்டோபர் 14க்குப் பிறகு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சில்லும் புதிய பிராசசரும் இல்லாத நல்ல கணினிகள் ஏராளம் இருக்கின்றன. பிரவுசர் மட்டுமே பயன்படுத்தும் மேசைகளிலாவது லினக்ஸை மறுபடி முயன்று பார்க்க இதைவிட நல்ல நேரம் வராது. நன்றாக ஓடும் பெட்டியைக் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

சொன்னவர் சொல்

பிரிட்டிஷ் அரசு எண்பதுகளின் இறுதியில் தொகுத்த ஐடிஐஎல் என்ற நடைமுறை, நிகழ்வு வேறு, பிரச்சினை வேறு என்று பிரிக்கிறது. பிரிண்டர் நின்றது நிகழ்வு. அதை உடனே ஓடவைக்க வேண்டும். ஏன் வாரம் ஒருமுறை நிற்கிறது என்பது பிரச்சினை. அதைத் தேட நேரம் ஒதுக்க வேண்டும். ஆண்டு பராமரிப்பு ஒப்பந்தத்தில் வரும் பையன்களுக்கு நிகழ்வுக்குத்தான் சம்பளம். ஒரு நாளைக்குப் பத்து கால் முடிக்க வேண்டும். பிரச்சினையைத் தேட யாரும் அவர்களுக்குக் கூலி கொடுப்பதில்லை. ஃபார்மட் பழக்கத்துக்கு அவர்களை மட்டும் குறை சொல்வது சரியல்ல.

தேடுவதற்கு முதல் சாட்சி கணினியின் முன் உட்கார்ந்திருப்பவர். அவர் "நெட் வரல" என்று சொல்வது தவறாக இருக்கலாம். அவர் பார்த்தது தவறாக இருக்காது. கடைசியாக எப்போது நன்றாக இருந்தது, அதற்குப் பிறகு என்ன மாறியது, உங்களுக்கு மட்டுமா பக்கத்தவருக்குமா, திரையில் வந்த வாசகம் என்ன என்ற நான்கையும் பொறுமையாகக் கேட்டு எழுதிவைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். திருப்பூர் ரவுட்டரைக் கண்டுபிடிக்க உதவியது எந்த மென்பொருளும் இல்லை. "டீ குடிச்சிட்டு வந்து ரீஸ்டார்ட் பண்ணேன், அப்புறம்தான்" என்று மெர்ச்சண்டைசர் அம்மா ஒருவர் சொன்ன ஒரு வரிதான்.

2024 ஜூலைக்குப் பிறகு நான் பார்த்துக்கொள்ளும் அலுவலகங்களில் மூன்று மாற்றங்கள் செய்தோம். எந்தத் திருத்தமும் முதலில் ஐந்து கணினிகளுக்குப் போகும். அதில் கணக்குப் பிரிவின் ஒரு கணினியும் உண்டு. மூன்று நாள் கழித்துத்தான் மற்றவற்றுக்கு. பேக்கப் எடுத்து முடித்ததும் அந்த டிஸ்க் கேபிளிலிருந்து பிடுங்கப்பட்டு அலமாரியில் வைக்கப்படும். பிட்லாக்கர் சாவிகளைக் காகிதத்தில் அச்சிட்டு, உறையில் ஒட்டி, காசுப் பெட்டி இருக்கும் இரும்புப் பீரோவில் வைத்திருக்கிறோம். பீரோவின் ஒரு சாவி முதலாளியிடம், இன்னொன்று கணக்குப் பிரிவு அக்காவிடம்.

போன மாத முதல் சனிக்கிழமை ஒரு கணினியை வேண்டுமென்றே பூட்டி, நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, உறையைப் பிரித்தோம். அக்கா 48 எண்களையும் ஆறு ஆறாக வாசித்தார்கள், நான் அடித்தேன். ஏழாவது தொகுதியில் ஒரு எண் மங்கியிருந்தது. 3ஆ 8ஆ என்று தெரியவில்லை. 8 என்று அடித்தபோது திறந்தது. அன்று மாலையே எல்லாத் தாள்களையும் பெரிய எழுத்தில் மறுபடி அச்சிட்டோம்.